சிவப்புப் பட்டமும் பச்சைப் பட்டமும்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் காஜா பேராங் பகுதியில் ஓர் அச்சுக்கூடத்தில் தாள் வெட்டும் வேலை பார்த்தேன். கிளேபாங் போகும் பஸ்ஸின் கண்டக்டர் ஒருவர் ஓய்வு நேரத்தில் அங்கே வருவார். ஒல்லியான ஆள். பேசும்போதும் டிக்கெட் புத்தகத்தை விரலால் சரசரவென்று புரட்டிக்கொண்டே இருப்பார். அவர் மனைவி பல மாதமாகக் காசநோய் வார்டில் படுத்திருந்தார்.

“அண்ணே, புரட்டினா பட்டம் பறக்கிற மாதிரி ஒரு புத்தகம் வரையணும். படுத்துக்கிட்டே அவ விளையாடுவா. எத்தனை படம் வேணும்? தாள் மெல்லிசா, கெட்டியா?”

“என்னைக் கேட்டா? நான் வெட்டுறவன் தம்பி. வரைஞ்சுதான் பாருங்களேன்.”

வரைந்து வந்தார். முதல் புத்தகத்தில் பட்டம் தவளை மாதிரி தாவியது. இருவரும் சிரித்துவிட்டோம். நாலாவதில் சிவப்புப் பட்டமும் பச்சைப் பட்டமும் ஒழுங்காக மோதின. ஒரு தாளில் மேல் மூலையையும் அடுத்த தாளில் கீழ் மூலையையும் மாற்றி மாற்றி வெட்டச் சொன்னார். அப்படி வெட்டினால் மேல் மூலையில் புரட்டும்போது ஒரு வரிசைப் படங்களும், கீழ் மூலையில் புரட்டும்போது இன்னொரு வரிசையும் ஓடும். கண்ணை மூடிப் புத்தகத்தை மேல் கீழாகத் திருப்பித் திருப்பி ஒரு மூலையில் விரல் வைத்து, பிறகு கண்ணைத் திறந்து புரட்ட வேண்டும். விரல் மேலே பட்டால் சிவப்பு ஜெயிக்கும். கீழே பட்டால் பச்சை. சிவப்பு அவர் மனைவியுடையது.

“உடம்பு முடியாதவங்க. எப்பவும் அவங்களே ஜெயிக்கட்டுமே, தம்பி?”

“அப்புறம் நாளைக்கு எதுக்குண்ணே அதைக் கையில எடுப்பா?”

அன்று மாலை மாரியம்மன் சன்னதியில், அவர் மனைவி ஆட்டத்தில் தோற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். தோற்றால் மறுநாளும் ஆடுவாரே. அப்படி வேண்டியது முறைதானா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.