கற்பூரத்துக்குத் திறந்த கதவு

கீரனூரில் திருச்சி ரோட்டோரம் எங்கள் பட்டறை. பஸ்ஸுக்குப் பாடி கட்டுவதுதான் தொழில். விண்வெளி வீரர்களை ராக்கெட் நிற்கும் இடம்வரை கூட்டிப்போகும் மின்சார வேனுக்குப் பாடி கட்டும் வேலை எங்களுக்கு வந்தபோது ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. "தகரம் அடிக்கிறவுகளுக்கு ராக்கெட்டு கேக்குதாக்கும்?" என்றார் எதிர் டீக்கடை அண்ணன். வேலை முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த வேனின் கதவு நான் வடிவமைத்தது. படிக்கிற காலமெல்லாம் திருச்சி பஸ்ஸில் நசுங்கிப் போய்வந்தவள் நான். கையில் சுமையோடு இறங்குகிறவர் பாடு எனக்குத் தெரியும். விண்வெளி உடை போட்டவரால் குனிய முடியாது. உடம்பைக் குளிர்விக்கும் பெட்டி வேறு கையில் இருக்கும். அதனால் வாசலை உயரமாகவும் அகலமாகவும் வைத்தேன். கரண்ட் இருக்கும்வரை கதவு இறுக மூடியிருக்கும். கரண்ட் போனால் உள்ளே அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் அதைத் தள்ளித் திறந்துவிடும்.

விண்வெளித் துறையிலிருந்து சோதிக்க வந்த அதிகாரி அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"வரைபடத்துல எல்லாக் கதவும் திறக்கும்மா. மத்தியானம் கரண்டை நிறுத்திப் பாப்போம். சிக்குச்சுன்னா இதைக் கழட்டிட்டு வெளிநாட்டுக் கதவுதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. உள்ளுக்குள் பயமும்தான்.

மத்தியானம் மாதிரி உடையையும் ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு, பெட்டியோடு நானே வேனுக்குள் உட்கார்ந்தேன். கதவு மூடியது. கரண்டை நிறுத்தப் போகும் நேரம் பார்த்து, "ஒரு நிமிசம் இருங்க. சாமி கும்பிடாம இங்கிட்டு எந்த வண்டியையும் சோதிச்சதில்ல" என்று முதலாளி கற்பூரத் தட்டோடு வந்தார். வண்டிக்கு முன்னால் காட்டியதோடு நின்றிருந்தால் அவர் எங்கள் முதலாளியே இல்லை. டிரைவர் பக்க ஜன்னல் வழியாகக் கையை விட்டு உள்ளேயும் காட்டினார்.

வீரர்கள் மூச்சு விடுகிற இடமாயிற்றே என்று, துளிப் புகை பட்டாலும் மொத்தக் கரண்டையும் துண்டிக்கிற கருவியை உள்ளே பொருத்தியிருந்தோம். அதை வாங்கி வந்தவரே அவர்தான். பக்தியில் மறந்துவிட்டார்.

விளக்கு அணைந்தது. ஃபேன் நின்றது. "ஐயையோ, போச்சே!" என்று முதலாளி அலறினார். அவர் வாயை மூடுவதற்குள் என் கதவு முழுசாகத் திறந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, குனியாமல், எங்கும் இடிக்காமல் இறங்கி நடந்தேன். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அத்தனை மிதப்பு இருக்காது.

அதிகாரி அம்மா நேரே என்னிடம் வந்தார். "அந்த உடையைக் கழட்டிக் குடுங்க" என்றார். தானே மாட்டிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். மறுபடி கரண்டைப் போட்டுக் கதவை மூடினோம். "ஐயா, கற்பூரத்தைக் காட்டுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. முதலாளி தட்டை மறுபடி ஜன்னலுக்குள் நீட்டினார்.

கதவு திறந்தது. அந்த அம்மா பெட்டியோடு நிமிர்ந்தபடியே இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு.

"இன்னொரு கட்டி கொளுத்தவாங்க?" என்றார் முதலாளி.

"வேணாங்க. கதவை மாத்தவும் வேணாம்."

சந்தோஷத்தில் நான் போட்ட கூச்சல் ரோடுவரை கேட்டிருக்கும். ஹெல்மெட்டை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே எதிர்க்கடைக்குப் போனேன்.

"அண்ணே, தகரம் அடிக்கிறவுகளுக்கெல்லாம் ஸ்ட்ராங்கா டீ போடுங்க."