பத்து வெள்ளிக்காரர்கள்

என் மேசையில் ஓர் இரும்பு அடிக்கோல் கிடக்கிறது. செனாவாங் தொழிற்சாலையில் உதிரிப் பாகங்களின் தரம் பார்த்த அக்கா, என் பெரியம்மா மகள், ஜொகூருக்கு மாறிப் போனபோது விட்டுச் சென்றது.

போர்டிக்சன் பக்கத்து எஸ்டேட் கோயிலைக் கட்ட அந்தக் காலத்தில் காசு கொடுத்தவர்களின் பெயர்களைக் கல்லில் பொறிப்பதென்று முடிவானது. சிரம்பான் வட்டிக்கடைக் குடும்பம் ஒன்றின் பேரேட்டில் பெயர்கள் இருந்தன. தொகையெல்லாம் வெள்ளிக் கணக்கு, பழைய தமிழ் எண்ணில். "நான் இருக்கேன்லா!" என்று குதித்தேன். அந்த எண்களுக்குக் கணினியில் தனித்தனிக் குறியீடே உண்டு. அப்படியே தட்டச்சு செய்து, இன்றைய எண்ணாக மாற்ற நிரலும் எழுதினேன். ௨௰ கொடுத்தால் 20. ௫௰ கொடுத்தால் 50. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல் வெட்டுபவருக்குப் பட்டியலை அனுப்ப வேண்டிய நாளில், வேலைக்குப் போகும் வழியில் அக்கா மோட்டாரை நிறுத்தி என் வீட்டுக்குள் வந்தார். பேரேட்டின் படத்தில் அடிக்கோலை வைத்து, வரி வரியாக என் பட்டியலோடு ஒப்பிட்டார். தொழிற்சாலையிலும் அப்படித்தானாம், எந்திரம் சரியென்றாலும் இவர் கை வைத்துப் பார்ப்பார்.

"டேய், நம்ம பாட்டனைக் காணோம்."

பேரேட்டில் இருந்தார். பட்டியலில் இல்லை.

"ரெண்டு நிமிஷம்க்கா, பேரை நானே சேத்துடுறேன்."

"நம்ம ஆள மட்டும் சேத்துட்டுப் போயிடுவியா? இங்க பாரு, அஞ்சு வெள்ளி இருக்கு, இருபது இருக்கு. பத்து வெள்ளி குடுத்தவன் ஒருத்தன்கூட இல்ல. எஸ்டேட்டே சேர்ந்து பத்தைத் தாண்டிக் குதிச்சாங்களாக்கும்?"

நிரலைத் திறந்து பார்த்தேன். பழைய கணக்கில் சுழியம் கிடையாது. ௰ என்றாலே பத்து. நானோ அதைச் சுழியமாக எடுத்துக்கொண்டிருந்தேன்; ௨௰ மட்டும் 2, 0 என்று சேர்ந்து தற்செயலாகச் சரியாக வந்திருந்தது. பத்து வெள்ளி கொடுத்தவர்கள் எதுவும் கொடுக்காதவர்களாகி, வெற்று வரி என்று நிரலால் நீக்கப்பட்டிருந்தார்கள். பதின்மூன்று கொடுத்தவர் மூன்றாகியிருந்தார். பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்துச் சேர்த்த காசு அது. கல்லில் ஏறியிருந்தால் யார் திருத்துவது?

அக்கா தொழிற்சாலைக்குப் போன் போட்டு அவசர விடுப்பு சொன்னார். நாள் தவறாமல் வந்தால் கிடைக்கும் அந்த மாத வருகைப் படி போச்சு. மாலைவரை அவர் வாசிக்க, நான் திருத்தினேன். காணாமல் போன பதினாறு பேரும் திரும்பி வந்தார்கள். எங்கள் பாட்டனின் பெயரை அவர் தனியாக நிறுத்திக்கூட வாசிக்கவில்லை.

இப்போது எந்தப் பேரேடு வந்தாலும், நிரலுக்கு முதலில் தனியாக நிற்கும் ஒரு ௰-ஐத்தான் கொடுக்கிறேன். திரையில் 10 வந்த பிறகே அடிக்கோலை முதல் வரிக்குக் கீழே வைக்கிறேன்.