பதினோரு சுற்று

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலையில் திருகாணிக்கு முப்பத்தோரு வருடம் ஓடிவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு; அது சம்பளப் பட்டியலில் மட்டும் குடியிருந்தது. சாலையோரக் குழிக்குள் நீள இரும்புச் சாவியை இறக்கி, வால்வைத் திருகித் திருகியே அவர் திருகாணி ஆனார். முட்டி இரண்டும் தேய்ந்ததும் அதில்தான்.

நகரசபையின் குடிநீரை ஒரு கம்பெனி ஏற்று நடத்த வந்தபோது ஊரில் பெரும் புரட்சி நடந்தது. அதாவது, சட்டை மாறியது. தொட்டி அதேதான், குழாய் அதேதான், ஒழுகும் இடங்கள்கூட விசுவாசமாக அதே இடங்கள்தான். காக்கி போய், பையில் சிரிக்கும் தண்ணீர்த்துளி போட்ட நீலச் சட்டை வந்தது. ‘வால்வு ஆள்’ என்றிருந்தவரை ‘நீர் நண்பர்’ என்று உயர்த்தினார்கள். உயர்த்திய கையோடு வேலையை வருடாவருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தமாக்கினார்கள். நியாயமாகச் சொன்னால், பல தெருக்களில் முன்னைவிட நேரத்துக்குத் தண்ணீர் வந்தது. வராத தெருக்களுக்கு அதே கம்பெனியின் கேன் வந்தது. அது ஒருநாளும் தவறியதில்லை.

வந்த முதல் வாரமே கம்பெனி கணக்கெடுத்தது. எந்தத் தெரு வால்வை எத்தனை சுற்றுத் திறப்பது என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை; திருகாணியின் தோள்பட்டையில்தான் இருந்தது. மேற்பார்வைக்கு வந்த மேடம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து கேட்க, அவர் தெருத்தெருவாக ஒப்பித்தார். பள்ளிக்கூடத் தெரு பதினெட்டு. ஆஸ்பத்திரித் தெரு இருபத்தாறு. எல்லாம் சத்தியமான எண்கள். தன் சொந்தத் தெரு வந்ததும் மட்டும் நாக்கு தன்னால் பாதியில் நின்றது.

“பதினொண்ணு, மேடம்.”

உண்மையில் இருபத்திரண்டு. ஆனால் முப்பது வருடமாக நகரசபையில் எந்த அதிகாரி கேட்டாலும் அவர் பதினொன்று என்றுதான் சொல்லிவந்தார். தன் வீட்டுக்குத் தானே அள்ளிவிடுகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? சொல்வது பதினொன்று, திருகுவது இருபத்திரண்டு. மானமும் நனையவில்லை, குடமும் காயவில்லை. நகரசபை, சொன்னதை எழுதிக்கொள்ளும், போய்ப் பார்க்காது. அது அதன் பெருந்தன்மை.

கம்பெனிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. சொன்னதை நம்பிவிட்டது. சாவியின் கைப்பிடியில் கோழிமுட்டை அளவில் ஒரு கருவியைப் பொருத்தியது. அது சுற்றுகளை எண்ணி ஆபீசுக்குச் சொல்லும். அவர் தெரு வால்வில் பதினோராவது சுற்றில் கீச்சென்று கத்தும். பன்னிரண்டாவது சுற்றுக்கு விளக்கம் எழுதித் தர வேண்டும்.

பதினோரு சுற்றுத் தண்ணீர் தெருவின் பாதிவரை நடந்து, அங்கேயே களைத்து உட்கார்ந்துவிட்டது. திருகாணியின் வீடு கடைசி வீடு.

மூன்று மாதமாக அவர் மனைவி தெருமுனைக் குழாயிலிருந்து குடம் தூக்கினாள். குடிக்க மட்டும் கேன். முனை வீட்டுக்காரி ஒருநாள் வழிமறித்து, “ஏன்க்கா, உங்க வீட்டுக்காரர் ஊருக்கே தண்ணி விடுறாராமே, உங்களோட ஏதும் சண்டையா?” என்று கேட்டாள். மனைவி வீட்டுக்கு வந்து கம்பெனிக்குப் போன் செய்தாள். பன்னீரில் ஊறவைத்த குரல் ஒன்று, அவள் புகார் தங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று உருகி, ஒரு எண்ணும் கொடுத்தது.

மறுநாள் காலை அந்தப் புகார் முறைப்படி அந்தப் பகுதி நீர் நண்பரின் செல்போனுக்கு வந்தது. கடைசி வீடு, தண்ணீர் வரவில்லை. இரண்டு நாளுக்குள் சரிசெய்து, குழாயில் தண்ணீர் கொட்டும் படம் அனுப்பவும். தவறினால் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கருத்தில் கொள்ளப்படும். புதுப்பிக்கும் தேதி அடுத்த வாரம்.

திருகாணி தன் வீட்டு முற்றத்தில், தன் வீட்டுக் குழாய்க்கு முன்னால், அதிகாரப்பூர்வமாக வந்து நின்றார்.

“ஆள் அனுப்புறோம்னாங்க,” என்றாள் மனைவி. “நீங்கதானா அந்த ஆளு?”

“இந்தா பாரும்மா, மத்த பசங்க எல்லாம் பக்கத்துக் குழாயப் படம் எடுத்து அனுப்பி முடிச்சுடுறானுங்க...”

“தாராளமா அனுப்புங்க. நான் மறுபடி போன் பண்றேன். அந்தப் பொண்ணு நல்லா அன்பா பேசுது. வீட்ல அப்படி யாரு பேசறா?”

அவர் குழாயடியில் மெல்ல உட்கார்ந்தார். முட்டி சத்தம் போட்டது. பிறகு பதினொன்றின் கதையைச் சொன்னார். அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே கேட்டாள்.

“அப்போ மூணு மாசமா நான் சுமந்தது தண்ணி இல்ல, உங்க நல்ல பேரு.”

அவர் காய்ந்த குழாயைத் திருகித் திறந்து, திரும்ப மூடினார்.

“போய் உண்மையச் சொல்லுங்க.”

“சொன்னா வேலை போயிடும்.”

“எனக்கு இடுப்பு போயிடுச்சு,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மத்தியானம் ஆபீசில் மேடம் மேசைமேல் தலைவைத்துப் படுத்திருந்தார். அவர் தெருவிலும் அன்று தண்ணீர் வரவில்லையாம். திருகாணி நின்றுகொண்டே சொல்லி முடித்தார். மேடம் கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

“எண் தப்புன்னா காரணம் போடணும், அண்ணே. வரைபடப் பிழை, கருவிக் கோளாறு, நிலச்சரிவு. மூணுதான் இருக்கு. பொய்னு ஒண்ணும் இல்லையே.”

“கருவிக் கோளாறுன்னு போட்டுக்குங்க, மேடம். முப்பது வருஷத்துக் கருவி.”

“நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாதான் எண்ணை மாத்த முடியும். அப்புறம் மேலிடம் என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது.”

எழுதினார். ‘என் தெருவுக்கு நான் சொன்ன பதினொன்று பொய். இருபத்திரண்டே மெய்.’ முப்பத்தோரு வருடத்தில் அவர் ஆபீசுக்கு எழுதிய முதல் கடிதம் அதுதான். கையெழுத்துப் போட்டதும் தோளில் ஏதோ இறங்கியதுபோல் இருந்தது; பார்த்தால் சாவியைச் சுவரோரம் வைத்திருந்தார்.

மேலிடம் ஐந்தாம் நாள் பதில் போட்டது. எண் இருபத்திரண்டாகத் திருத்தப்படுகிறது. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதம். சொந்த வீடு உள்ள பகுதியில் நீர் நண்பர் நட்புப் பாராட்டுவது முறையல்ல என்பதால், ஊரின் மறுகோடி மேட்டுத் தொட்டிக்கு மாற்றம். அங்கே போக இரண்டு பஸ் பிடித்து, இறங்கியபின் எழுபது படி ஏற வேண்டும்.

எண் மாறிய அன்று அவர் அந்தப் படிகளில் நாற்பதாவதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். செல்போன் அடித்தது. மனைவி.

“வந்துடுச்சு.”

“கடைசிவரைக்கும் வருதா? வேகம் எப்படி? முதல்ல கலங்கலா வரும், அதப் பிடிக்காத, கொஞ்சம் விட்டுட்டு...”

“எல்லாம் தெரியும். போனை வைங்க, குடம் வழியுது.”

வைத்துவிட்டார். இன்னும் முப்பது படி இருந்தது.