பூஜையில் சிக்கிய விளையாட்டு மிஷின்

எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் எந்தப் பொருளும் தப்பித்ததில்லை. தறி, அதில் குறுக்கே ஓடும் நாடா, ராட்டை என்று தொடங்கும் அம்மாவின் சந்தனக் கை, கத்தரிக்கோல், அரிவாள்மணை, சைக்கிள், என் பாடப்புத்தகம் என்று போய்க்கொண்டே இருக்கும். அம்மாவுக்குத் தாராளமான கை. அவள் பூசி முடித்தால் சந்தனம்தான் தெரியும், பொருள் தெரியாது. சாமி முன்னால் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை செய்து அப்பா எடுத்துக் கொடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. ஒரு வருஷம் அப்பாவின் மூக்குக்கண்ணாடியே அதில் போய்ச் சேர்ந்துவிட்டது. மனிதர் அன்று முழுக்கச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாரே தவிர, கண்ணாடியை எடுக்க ஒப்பவில்லை. புத்தகத்தைத் தொடக்கூடாது என்பது எனக்கு மிகவும் வசதியான சட்டம் என்பதால், இந்த விஷயத்தில் நானும் அப்பா கட்சிதான்.

அக்காவுக்குக் கல்யாணமான வருஷம் நான் ஐந்தாம் வகுப்பு. ஆரணியிலிருந்து அவளை மெட்ராசுக்குக் கொடுத்திருந்தோம். ஆயுத பூஜையன்று காலை முதல் பஸ்ஸில் அக்காவும் மாமாவும் வந்து இறங்கினார்கள். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். வந்ததும் வராததுமாக, சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸுக்குத் திரும்பவேண்டும் என்றார்.

"ராத்திரி தங்கிட்டு போலாமேங்க" என்று அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டாள்.

"எங்கம்மா இன்னிக்கே வந்துடணும்னு சொல்லி அனுப்பிச்சாங்க" என்றார் மாமா. கல்யாணமானதிலிருந்து அக்கா எங்கள் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. அம்மா மேலே எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அதெல்லாம் காதில் விழுந்ததே தவிர மனசில் ஏறவில்லை. மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்திருந்தார். சோப்புப் பெட்டி அளவில், தட்டையாக, நடுவில் கண்ணாடி, இரண்டு பக்கமும் சிவப்புப் பொத்தான். உள்ளேயே ஒரு விளையாட்டு இருந்தது. மரத்திலிருந்து பழம் விழும். கீழே கூடையோடு ஒரு குட்டி மனிதன் ஓடி ஓடிப் பிடிக்கவேண்டும். பிடித்தால் 'பீப்', தவறினால் 'பொய்ங்'. அதிலேயே கடிகாரமும் அலாரமும்கூட உண்டு. எங்கள் தெருவில் அதுவரை யாரும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. மாமாவின் சிநேகிதர் ஒருவர் கப்பலில் வேலை செய்தார். அது அவருடையது, இரவல்.

"பத்ரம் பாப்பா. திருப்பிக் குடுக்கணும். தண்ணி பட்டுச்சுனா அவ்ளோதான்" என்று சொல்லி என் கையில் கொடுத்தார்.

அந்த 'அவ்ளோதான்' என் காதிலேயே நின்றுவிட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு அக்காவைத் தீபாவளிச் சீரில் ஏதோ குறை என்று மாமியார் வீட்டில் தாய் வீட்டுக்கு அனுப்பாமலே நிறுத்தி வைத்திருந்தார்கள். பெரியவர்கள் அதைக் குசுகுசுவென்று பேசியது எனக்கும் தெரியும். இந்த மிஷினுக்கு ஏதாவது ஆனால் மாமா அக்காவை இனிமேல் அழைத்து வரவே மாட்டார் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். பயம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். வேர்த்த கையைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து விளையாடினேன். ராட்டைக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த அம்மா நடுநடுவே எட்டிப் பார்த்து, "எத்த அமுக்கினா ஓடுது? எங்க தண்ணி படக்கூடாதுன்றாரு?" என்று கேட்டாள். அம்மாவுக்கே ஆசை வந்துவிட்டதே என்று எனக்குப் பெருமை.

பிறகு என்னைப் பொரி வாங்க அனுப்பினாள். மிஷினை அரிசி டிரம் மேல் வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் டிரம் இருந்தது, மிஷின் இல்லை.

டிரம்முக்குப் பின்னால், பாய்க்கு அடியில், தறிக்குழிக்குள் என்று எங்கெல்லாமோ தேடினேன். யாரிடமும் கேட்கப் பயம். கேட்டால் தொலைந்தது தெரிந்துவிடும். அக்கா, "இன்னாடி முழிச்சிகினு கீற?" என்று கேட்டபோது, "ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

அப்பா கற்பூரம் காட்டியபோதுதான் பார்த்தேன். நாடாவுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில், வாழையிலை மேல், பொட்டு வைத்துக்கொண்டு மிஷின் உட்கார்ந்திருந்தது. எல்லாரும் சாமியைக் கும்பிட்டார்கள். நான் மிஷினைக் கும்பிட்டேன். கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் கற்பூரம் அணைவதற்குள் போய்விட்டது. நாளைக் காலைவரை அதைத் தொடக்கூடாது. பஸ்ஸோ ஐந்தரைக்கு!

சாப்பாடு முடிந்து மாமா கேட்டார். நான் சாமிப் பக்கம் விரலை நீட்டினேன். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும்.

"அது வேலை செய்யிற சாமான் இல்லீங்களே, வெளையாட்டு சாமான்" என்றார் மாமா அப்பாவிடம்.

அப்பா சங்கடத்தோடு கழுத்தைச் சொறிந்துகொண்டார். "வெச்சாச்சே மாப்ள. மறுபூஜை பண்ணாம எடுக்கறது நம்ம வூட்ல வழக்கமில்லீங்க."

"இரவல் பொருளுங்க. வுட்டுட்டும் போக முடியாது."

அக்கா தலை குனிந்து புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். மாமா முகத்தில் கோபமா, யோசனையா என்று தெரியவில்லை. அவர் விருட்டென்று எழுந்து அக்காவை மட்டும் இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்றே நினைத்தேன். அந்த நேரம் பார்த்து சாமி முன்னாலிருந்து 'பீப் பீப் பீப்' என்று சத்தம். பஸ்ஸுக்கு நேரமாவதைச் சொல்ல மாமா வைத்த அலாரம்தான். அப்பா பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமா சிரித்துவிட்டார்.

மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் அதிகம் பேசாத அம்மா, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முன்னால் வந்து நின்றாள். "ஜரிகைக் கடையில போன் கீதுங்க. உங்கம்மாவுக்கு ஒரு வார்த்த சொல்லிடுங்க. பூஜையில மாட்டிகிச்சு, காலைல வந்துடறோம்னு."

மாமா சட்டையைப் போட்டுக்கொண்டு ஜரிகைக் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அக்கா உள்ளே போய் அம்மாவோடு அடுப்படியில் உட்கார்ந்தாள். அங்கே ஒரே பேச்சும் சிரிப்பும். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சந்தனம் உள்ளே இறங்கினால்? பொரிக்கு வரும் எலி மிஷினைக் கடித்தால்? தூக்கம் கண்ணை மூடும்வரை சாமி முன்னாலேயே காவல் இருந்தேன்.

காலையில் மறுபூஜை முடிந்ததும் அப்பா மிஷினை எடுத்துக் கொடுத்தார். மாமா பொத்தானை அமுக்கினார். குட்டி மனிதன் கூடையோடு ஓடினான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம்தான் கவனித்தேன். மற்ற சாமான்களெல்லாம் சந்தனத்தில் குளித்திருக்க, இதற்கு மட்டும் மூலையில் மிளகு அளவு ஒரு பொட்டு. கண்ணாடியிலும் இல்லை, பொத்தான் பக்கத்திலும் இல்லை. அரைத்த சந்தனம் தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். நம் அதிர்ஷ்டம்.

அடுத்த வருஷமும் ஆயுத பூஜைக்கு இரண்டு பேரும் வந்தார்கள், அதே காலை பஸ்ஸில். இரவல் எப்போதோ திரும்பிப் போயிருந்தது. மாமா வெறுங்கையோடு வந்ததில் எனக்கு நிம்மதி. அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். அம்மா தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்துவிட்டு, மாமாவின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வெளையாட்டு மிஷினு எடுத்தாரலீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றார் மாமா. அம்மாவின் முகம் வாடிவிட்டது. பாவம், அவளுக்கும் ஒரு தடவை விளையாடக் கொடுத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.