அரசப்பன் மச்சானுக்கு வைத்த கேமரா

அரசப்பனுக்குச் சந்தேகம் பிறவிக்குணம். டீக்கடையில் நின்றால்கூட மாஸ்டர் பாலில் என்ன கலக்கிறார் என்று எட்டிப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் இந்தக் கூத்தெல்லாம் எனக்கு அத்துபடி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு வேலையாட்களை ஏற்றி இறக்கும் கார் அவருடையது. பகல் ஷிப்டுக்கு அவர் ஓட்டுவார். இரண்டாவது ஷிப்டுக்கு அவர் மனைவி செண்பகத்தின் தம்பி அன்புராஜ். அந்த வேலையை நம்பித்தான் அன்புராஜுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள்.

ஆடி பிறந்ததிலிருந்து டீசல் சீக்கிரம் தீர்ந்தது. ஒருநாள் பின்சீட்டில் மல்லிகைப் பூ கிடந்தது. பெண்கள் ஏறி இறங்கும் வண்டியில் மல்லிகை கிடக்காமல் வேறென்ன கிடக்கும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மச்சான் ஆட்களை இறக்கிவிட்டு எளாவூர் செக்போஸ்ட் பக்கம் திருட்டுச் சவாரி ஓட்டுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார். ஆதாரம் சிக்கியதும் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவனை அனுப்பிவிடப் போவதாக என்னிடமே சொன்னார். கல்யாணம் நிற்குமே என்றேன். காதில் வாங்கவில்லை.

பஜாரில் கார்களுக்குச் சாமான் மாட்டும் ஸ்டீவனின் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஸ்டீவன் ஒரு கேமராவை எடுத்துக் காட்டினான்.

"இது நல்லா போவுதுண்ணா. எங்க இருந்தாலும் போன்லயே பாக்கலாம்."

"உன் போன்லயும் தெரியுமா?"

"என் போன்ல எப்டிண்ணா தெரியும்?"

"தெரியாதுன்னு உனக்குத் தெரியும். எனக்கு எப்டித் தெரியும்?"

கடைசியில் மெமரி கார்டில் மட்டும் பதிவாகும் ஒன்றைப் பிடித்தார். முன்பக்கம் ரோட்டைப் பார்க்க ஒரு லென்ஸ், உள்பக்கம் சீட்டைப் பார்க்க ஒரு லென்ஸ், பேச்சும் பதிவாகும். கண்ணாடிக்குப் பின்னால் அதை ஒட்டி, கூரை ஓரமாக வயரை மறைத்து இறக்கும்வரை, பழைய சாமானை மாட்டிவிடுவார்களோ என்று முன்சீட்டை விட்டு அவர் இறங்கவே இல்லை.

"இவ்ளோ சந்தேகம்னா கேமரா எதுக்குண்ணா? நீயே டேஷ்போர்டு மேல குந்திக்கலாமே!" என்றான் ஸ்டீவன்.

வீட்டில் செண்பகம் என்னவென்று கேட்டாள். "ரோட்ட மட்டும் எடுக்கும். எவனாச்சும் இடிச்சா சாட்சி வேணும்ல?" என்று சொல்லிவைத்தார். மச்சானுக்கும் அதே பொய்தான்.

இரண்டு நாள் கழித்து, காலையில் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கார்டைக் கழற்றிப் போனில் போட்டார். செண்பகம் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், சொல்லவில்லை.

உள்பக்கப் படம் முழுக்கச் செக்கச்செவேல் என்று இருந்தது. ஆளும் தெரியவில்லை, சீட்டும் தெரியவில்லை.

"பாத்தியா, துணி போட்டு மூடிட்டான்!" என்று குதித்தார் அரசப்பன்.

"வெள்ளிக்கெழம வண்டிக்குப் பூஜ போட்டேன்ல, அப்ப நான் வெச்ச குங்குமம்யா அது," என்றாள் செண்பகம். "புதுசா வந்த சாமான் ஆச்சேன்னு அதுக்கும் நடுவுல ஒரு பொட்டு வெச்சேன். ரோட்ட மட்டுந்தான் எடுக்கும்னியே, உள்பக்கம் கண்ணு இருக்குன்னு நான் இன்னாத்தக் கண்டேன்?"

அரசப்பன் அவசரமாக முன்பக்கப் படத்துக்கு மாற்றினார். வண்டி, ஆட்களை இறக்கும் பஸ் ஸ்டாப்பில் நிற்காமல், ஹைவேயை விட்டு ஆரணி ரோட்டில் திரும்பியது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். திருடன் அகப்பட்டுவிட்டான்! கார் ஒரு தெருவுக்குள் நுழைந்து, ஓட்டுவீட்டு வாசலில் நின்றது. ஒரு பெண் குரல் கேட்டது. கம்பெனியில் வேலை செய்யும் சுமலதா.

"பஸ் ஸ்டாப்லயே எறங்கிக்கிறேன்னு சொன்னேனே அண்ணா. டீசல் செலவாவுதுன்னு வண்டிக்காரரு உன்னியத் திட்டப்போறாரு."

"எங்க மாமாவா? சேச்சே, அவரு அந்த மாதிரி ஆளு இல்லம்மா. பொம்பளப் புள்ள இருட்டுல தனியா நடக்குதுன்னு தெரிஞ்சா, அவரே ஊட்டாண்ட கொண்டாந்து உட்ருவாரு. நாய் கீது, பாத்து எறங்கு."

கொட்டுகிற மழையிலும் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி ஓரடி வண்டியை விடாத மனிதர் அரசப்பன். சுமலதாவையே அப்படி எத்தனையோ முறை இறக்கிவிட்டிருக்கிறார். போனை அணைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் எழுந்து வெளியே போனார். எனக்கே பாவமாகிவிட்டது. நானும் செண்பகமும் பின்னால் போனபோது, கார் கதவைத் திறந்து கேமராவின் வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அத்த ஏன் கயட்ற?" என்றாள் செண்பகம்.

"இனிமே தேவையில்ல. அவன் மேல எனக்குச் சந்தேகம் இல்ல."

"அது அங்கயே இருக்கட்டும்யா. எந்தம்பி சொன்ன மாமா நெசமாவே நீதானான்னு, அதுல உன் ஷிப்ட நான் போட்டுக் கேக்கணும்."