விழுந்தவர் கேட்ட முதல் கேள்வி

மாதத்துக்கு ஒரு நாளாவது நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் சைக்கிள் மிதிப்பது எங்கள் குழு எடுத்துக்கொண்ட சவால். போன மாதம் பெருந்துறை போய்விட்டுக் கோவைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். சூலூர் அருகே, முன்னால் போனவர் ஜல்லியில் சறுக்கிக் குப்புற விழுந்தார்.

எல்லோரும் பிரேக் போட்டார்கள். எல்லோர் கையும் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த செல்போனுக்குப் போயிற்று. நிற்கிற நேரமும் சேர்ந்தால் சராசரி வேகம் குறைந்துவிடுமாம். தூரத்தையும் வேகத்தையும் பதிவு செய்கிற ஆப்பை நிறுத்திவிட்டுத்தான் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்கெல்லாம் மனுசங்கதானா?" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய்த் தூக்கினேன். அவர் முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. சாலையோரம் இளநீர் விற்ற அம்மா தண்ணீரோடு ஓடிவந்து, "ஏனுங்க, ரொம்ப அடிபட்டுப்போச்சுங்களா?" என்று பதறினார். விழுந்தவர் என் தோளைப் பிடித்து எழுந்து, கீழே கிடந்த சைக்கிளைத்தான் பார்த்தார்.

"ஏனுங்க, என்ற ஆப்ப யாராச்சும் நிறுத்திப்போட்டீங்களா?"

"உங்களுதத்தானுங்க மொதல்ல நிறுத்துனேன்" என்றார் அந்தச் சைக்கிளருகே நின்றவர், பெருமையாக.

அதைக் கேட்ட பிறகுதான் அவருக்குக் கால் வலித்தது.