நான் திருத்தாத பாராட்டு

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்த்துவிட்டு, வேல்ஸிலிருந்து வந்த ஒரு அம்மா என் வாடகைக் காரில் தஞ்சாவூர் திரும்பிக்கொண்டிருந்தார். போனில் மகளிடம் அவர் பேசியது எனக்குப் பிடிபடவில்லை. “இது உங்க ஊர் இங்கிலீஷாங்கம்மா?” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் பெருமூச்சு விட்டார். தான் பேசிய வெல்ஷ் வேறு மொழி, பிரான்சில் பேசும் பிரெத்தோன்தான் அதற்கு நெருங்கிய சொந்தம், ஆங்கிலம் ஜெர்மனுக்குப் பங்காளி என்று பொறுமையாகச் சொன்னார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

திருத்துறைப்பூண்டியில் டீக்கு நிறுத்தி, மனைவிக்குப் போன் செய்தேன். “புள்ளைங்கள சாப்பிடச் சொல்லு, நான் வர நேரமாகும்.”

கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா, என் இந்தி இனிமையாக இருப்பதாகச் சொன்னார்.

சவுதியில் இருந்த காலமெல்லாம், என் மொழி இந்தி இல்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தவன் நான். அன்று தெம்பில்லை. “தேங்க்ஸ்” என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.

அவருக்கும் அதே அலுப்புதான் இருந்திருக்கும். ஆனாலும் அவர் எனக்குச் சொன்னார்.